தமிழ்க் கவிதையில் உழைக்கும் தந்தை

சிறு வயதில் அச்சத்தையோ வெட்கத்தையோ தந்த தந்தையின் உழைப்பு, பிள்ளை வளர்ந்தபின் வேறு பொருளில் தெரிவது உலக மொழிகள் பலவற்றிலும் கவிதைப் பொருளாகியிருக்கிறது. தமிழில் தந்தை சங்ககாலம் தொட்டே பாடப்பட்டவர். ஆனால் அவர் செய்த வேலையைப் பற்றிப் பிள்ளை தன் மனத்தை மாற்றிக்கொள்ளும் கவிதை, தமிழில் பெரிதும் இருபதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் வளர்ந்தது. அதற்குக் காரணம் வயது மட்டும் அன்று. தந்தையின் தொழிலிலிருந்து பிள்ளையைப் பிரித்து வகுப்பறையில் உட்கார வைத்த பள்ளிக்கல்வியும் ஒரு முக்கியக் காரணம். திண்டுக்கல் வட்டாரத்தின் நெசவு ஊரான சின்னாளப்பட்டி இந்த மாற்றத்தை விளங்கிக்கொள்ள நல்ல எடுத்துக்காட்டாகும். முதலில் பழைய இலக்கியத்தில் தந்தை எவ்வாறு பாடப்பட்டார் என்பதைக் காணலாம்.

சங்கப் பாடல்களில் தந்தை

புறநானூற்றின் 312-ஆம் பாடலைப் பாடியவர் பொன்முடியார். ஒரு தாய் பேசுவதாக அமைந்த அப்பாடல் ஒவ்வொருவருக்கும் உரிய கடமையை வரிசைப்படுத்துகிறது. பெற்று வளர்ப்பது தாயின் கடமை, சான்றோனாக்குவது தந்தையின் கடமை, வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனின் கடமை என்று அந்த வரிசை செல்கிறது. இங்கே கொல்லனின் வேலை கண்முன் தெரிகிறது. தந்தையின் பொறுப்பு கூறப்படுகிறது, ஆனால் அவர் என்ன தொழில் செய்தார் என்பது கூறப்படவில்லை.

அதே நூலின் 112-ஆம் பாடல் பாரி மகளிர் பாடியது. பறம்பு மலையின் தலைவனான பாரியை மூவேந்தர் வென்றபின், அவனுடைய பெண்மக்கள் இருவர் ஐந்தே அடிகளில் தம் இழப்பைச் சொல்கின்றனர். முந்தைய மாதத்து முழுநிலவில் தந்தையும் இருந்தார், மலையும் இருந்தது; இந்த மாதத்து முழுநிலவில் இரண்டும் இல்லை என்பது அதன் கருத்து. தந்தையைப் பற்றி மகளிர் பாடிய தமிழ்ப் பாடல்களில் இது மிகப் பழையவற்றுள் ஒன்று. இதில் வரும் தந்தை அரசன். அவனுடைய கொடையும் மலையும் புகழ் பெற்றவை. உடல் உழைப்பு அவனுக்குரிய செய்தி அன்று.

உழைக்கும் தந்தை சங்கப் பாடலில் வரவே இல்லை என்று கொள்ளக் கூடாது. நற்றிணையின் 45-ஆம் பாடலில் தலைவியின் தோழி, தேரில் வந்த செல்வந்தனான தலைவனிடம் பேசுகிறாள். தலைவி கடலுக்குள் சென்று மீன் பிடிக்கும் பரதவரின் மகள் என்கிறாள். அறுத்துக் காயவைத்த சுறாத் துண்டுகளைக் கவர வரும் பறவைகளை விரட்டுவது தங்கள் வேலை, தங்கள் மேல் புலால் நாறுகிறது, எனவே அருகில் வராமல் விலகி நில்லுங்கள் என்கிறாள். தொழிலின் மணத்தை மறைக்கும் எண்ணம் அவளிடம் இல்லை. கடல் தரும் சிறு வாழ்வு தங்களுக்கு உயர்ந்தது, தங்களுக்குள்ளும் தலைவனைப் போன்றவர் உண்டு என்று நிமிர்ந்து சொல்கிறாள். தந்தையின் தொழிலைச் சொல்ல வெட்கப்படுவது எல்லாக் காலத்துக்கும் உரிய இயல்பான உணர்ச்சி அன்று என்பதற்கு இப்பாடல் ஒரு சான்று.

திருக்குறள் கூறும் கடன்

திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரத்தில் தந்தைக்கும் மகனுக்கும் இடையே உள்ள கடன் இரு குறள்களில் கூறப்படுகிறது. 67-ஆம் குறள், கற்றோர் அவையில் முன்வரிசையில் இருக்கும் தகுதியை மகனுக்குத் தருவதே தந்தை செய்யும் உதவி என்கிறது. 70-ஆம் குறள், இவனைப் பெற இவன் தந்தை என்ன தவம் செய்தானோ என்று பிறர் வியக்கும்படி வாழ்வதே மகன் செய்யும் கைம்மாறு என்கிறது.

இக்குறள்களில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, தந்தை தரும் சொத்து நிலமோ பொருளோ அன்று, கல்வி. மற்றொன்று, அக்கல்விக்காகத் தந்தை பட்ட பாடு 'தவம்' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. வள்ளுவரை மயிலாப்பூரில் நெசவு செய்து வாழ்ந்தவராகச் சொல்லும் கதைகள் பிற்காலத்தில் வழங்கின. அவற்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இயலாது. ஆயினும் தமிழின் பெரும் அறநூலை இயற்றியவரைத் தறியருகில் அமர்த்திப் பார்க்க மக்கள் விரும்பியிருக்கின்றனர் என்பது அக்கதைகளால் தெரிகிறது.

பாரதியின் சுயசரிதை

தந்தையைப் பற்றிய மாறும் பார்வை ஒரே படைப்பில் வெளிப்படும் தொடக்ககால நவீனக் கவிதை, சுப்பிரமணிய பாரதி 1910-இல் புதுச்சேரியில் இருந்தபோது வெளியிட்ட சுயசரிதை ஆகும். இது 'கனவு' என்ற பெயராலும் அறியப்படுகிறது. பாரதியின் தந்தை சின்னசாமி ஐயர் எட்டயபுரம் அரண்மனையைச் சார்ந்து வாழ்ந்தவர். கணிதத்திலும் இயந்திரங்களிலும் ஈடுபாடு கொண்டவர். எட்டயபுரத்தில் பருத்தித் தொழிற்சாலை ஒன்றை நிறுவ முயன்று பொருளை இழந்தார். 1898-இல் அவர் இறந்தபோது பாரதிக்கு 15 வயது.

சுயசரிதையில் தந்தை மூன்று விதமாகத் தோன்றுகிறார். முதலில் அவர் அஞ்சத்தக்கவர். தன் வயதுச் சிறுவர்கள் நீந்தியும் மரம் ஏறியும் விளையாடியபோது, தந்தையின் கட்டளைக்கு அஞ்சித் தான் புத்தகங்களோடு தனித்து வருந்தியதாகப் பாரதி கூறுகிறார். அடுத்து அவர் தவறான முடிவு எடுத்தவர். ஆங்கிலக் கல்விக்காகத் தன்னைத் திருநெல்வேலிக்கு அனுப்பியது சிங்கக்குட்டியைப் புல் தின்ன விட்டது போன்றது என்றும், அதனால் தந்தைக்குப் பணம் செலவானது, தனக்குத் தீமை வந்தது, நன்மை ஏதும் விளையவில்லை என்றும் குறைப்படுகிறார். மூன்றாவதாக அவர் இரங்கத்தக்கவர். ஓங்கியிருந்த செல்வத்தை ஐரோப்பியரின் சூழ்ச்சியால் இழந்து வறுமையில் துயருற்ற மனிதராக அவரைப் பாரதி காட்டுகிறார்.

இந்த மூன்றாம் நிலை முக்கியமானது. வீட்டுக்குள் அதிகாரம் செலுத்திய ஒருவர், வீட்டுக்கு வெளியே பெரிய பொருளாதார ஆற்றலின் முன் தோற்றவராக இருந்தார் என்பதைப் பிள்ளை பின்னாளில்தான் உணர்கிறான். இறக்குமதித் துணி இந்தியச் சந்தையில் ஓங்கியிருந்த காலத்தில், தென்கோடிச் சிற்றூரில் பருத்தித் தொழில் தொடங்கிய ஒருவரின் தோல்வியைத் தனிப்பட்ட திறமைக்குறைவாக அன்றி அரசியலாகப் பார்க்கப் பாரதியால் முடிந்தது. தந்தை இறந்து 12 ஆண்டுகளுக்குப் பின், சுதேசி இயக்கத்தில் பங்கேற்றபின் எழுதிய கவிதை இது. அதற்காகத் தன் பழைய குறையை அவர் அழித்துவிடவில்லை. அச்சம், குறை, இரக்கம் ஆகிய மூன்றும் கவிதையில் அடுத்தடுத்து நிற்கின்றன.

சின்னாளப்பட்டி: தறியும் பள்ளியும்

பாரதியின் தந்தை தொழில்முனைவர். கையால் வேலை செய்து பிழைக்கும் தந்தையரின் பிள்ளைகள் பெருமளவில் எழுத வர இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் நடந்த மாற்றத்தைச் சின்னாளப்பட்டி போன்ற நெசவு ஊர்களில் தெளிவாகக் காணலாம்.

திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் வழியில் உள்ள சின்னாளப்பட்டி, சுங்குடிச் சேலைக்கும் செயற்கைப் பட்டு நூலில் நெய்த சேலைக்கும் பெயர் பெற்றது. காஞ்சிபுரம் பட்டு வாங்க இயலாத குடும்பங்கள் உடுத்திய அச்சேலை, ஊரின் பெயராலேயே சின்னாளப்பட்டு எனப்பட்டது. வீட்டில் கன்னடம் பேசும் தேவாங்கர் சமூகத்தினர் இங்கு நெசவில் பெரும் பங்கு வகித்தனர்.

கைத்தறி நெசவு வீட்டுக்குள்ளேயே நடக்கும் தொழில். குழித்தறியில் நெசவாளர் தரையளவில் அமர்ந்து கால்களைக் குழிக்குள் இறக்கி மிதியை மிதிப்பார். ஒரு கை கயிற்றை இழுக்க, ஊடை நூலைச் சுமந்த நாடா பாவின் குறுக்கே ஓடும். மறு கை அச்சுப் பலகையை அடிக்கும். அதிகாலையில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி தோய்த்துக் காயவைக்க வேண்டும். தார் சுற்றுவது பெண்களின், பிள்ளைகளின் வேலை. மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஏறும், பாவு காயாது. வேலை நின்றால் கூலியும் நிற்கும். நூலை ஒருவர் கொடுத்து, நெய்த சேலையை அவரே வாங்கிக்கொள்ளும் முறையில், நெசவாளர் முன்பணக் கடனில் சிக்குவது வழக்கம். நகரத்துப் பிள்ளைக்குத் தந்தையின் அலுவலகம் கண்ணில் படாத இடம். நெசவாளியின் பிள்ளைக்கோ தந்தையின் முதுகுவலியும் கடனும் அன்றாடம் பார்ப்பவை; அவருடைய வேலை பிள்ளையின் வேலையும் ஆகும்.

இத்தகைய வீட்டுப் பிள்ளை பள்ளிக்குச் செல்வதா, தறியில் உட்காருவதா என்ற கேள்வி 1953-இல் சென்னை மாநிலத்தின் அரசியலையே அசைத்தது. அன்றைய முதலமைச்சர் சி. இராஜகோபாலாச்சாரி கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் வகுப்பு நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்தார். மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது அத்திட்டம். இருக்கும் பள்ளிகளிலேயே இரு முறைகளாக அதிகப் பிள்ளைகளைச் சேர்க்கலாம், உடலுழைப்புக்கு மதிப்பு உண்டாகும் என்று ஆதரவாளர் கூறினர். பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் இதைக் 'குலக்கல்வித் திட்டம்' என்று அழைத்து எதிர்த்தனர். நெசவாளி மகன் நெசவாளியாகவும், தோட்டி மகன் தோட்டியாகவும் நிலைத்துவிடுவான் என்பது அவர்களின் வாதம். 1954-இல் இராஜகோபாலாச்சாரி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

சின்னாளப்பட்டிக்கு அருகிலேயே இதே கேள்விக்கு மற்றொரு விடையும் தேடப்பட்டது. டாக்டர் டி. எஸ். சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் நிறுவிய காந்திகிராமம் அங்கு உள்ளது. அது காந்தி 1937-இல் முன்வைத்த ஆதாரக் கல்வியின் வழியைப் பின்பற்றியது. அக்கல்வியிலும் கைத்தொழில் உண்டு. ஆனால் அது பிள்ளையின் தந்தை செய்யும் தொழிலாக இருக்க வேண்டும் என்பதில்லை. எல்லாப் பிள்ளைகளும் நூற்கக் கற்பர். இரண்டு கொள்கைகளும் கைவேலையை மதிக்கச் சொல்வன. எனினும் எவர் எந்த வேலையைச் செய்வது என்பதைப் பிறப்பு முடிவு செய்யலாமா என்ற இடத்தில் அவை வேறுபடுகின்றன.

காமராசர் ஆட்சியில் ஊர்தோறும் பள்ளிகள் பெருகின. 1956-இல் மதிய உணவுத் திட்டத்தை அவர் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் தொடங்கினார். கூலி வேலை செய்தவர்களின் பிள்ளைகள் முதல் தலைமுறையாக வகுப்பறைக்கு வந்தனர். அங்கே பள்ளிப் பதிவேட்டில் தந்தை பெயருக்குப் பக்கத்தில் தந்தையின் தொழில், ஆண்டு வருமானம் என்னும் கட்டங்கள் இருந்தன. தந்தையின் வேலையை ஊரார் முன் வாய்விட்டுச் சொல்லும் கட்டாயம் பிள்ளைக்கு அப்போதுதான் ஏற்பட்டது.

சுகிர்தராணியின் கவிதை

அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாமல் தவித்த பிள்ளையின் நிலையைத் தமிழில் மிகத் துல்லியமாகப் பதிவு செய்தவர் கவிஞர் சுகிர்தராணி. இராணிப்பேட்டை அருகே இலாலாப்பேட்டையைச் சேர்ந்த இவர் பள்ளி ஆசிரியர். 'கைப்பற்றி என் கனவு கேள்', 'இரவு மிருகம்', 'அவளை மொழிபெயர்த்தல்', 'தீண்டப்படாத முத்தம்' ஆகியன இவரது தொகுப்புகளுள் சில.

அவருடைய பரவலாக அறியப்பட்ட ஒரு கவிதையில் ஒரு பெண் தன் சிறுவயதை நினைவுகூர்கிறாள். செத்த மாட்டின் தோலை உரிக்கும்போது காகங்களை விரட்டுவது அவள் வேலை. ஊராரிடம் காத்திருந்து வாங்கிய சோற்றைத் தின்றுவிட்டு, வீட்டில் சமைத்த சுடுசோறு தின்றதாகப் பெருமை பேசுவாள். தப்பட்டையைத் தோளில் மாட்டிய தந்தை தெருவில் எதிரே வந்தால் முகத்தை மறைத்துக்கொண்டு கடந்துபோவாள். தந்தையின் தொழிலையும் ஆண்டு வருமானத்தையும் சொல்ல முடியாமல் ஆசிரியரிடம் அடி வாங்குவாள். தோழியர் இல்லாத கடைசி வரிசையில் அமர்ந்து யாரும் அறியாமல் அழுவாள். இறுதியில் காலம் மாறுகிறது. இப்போது யார் கேட்டாலும் தன் சாதியைத் தயங்காமல் சொல்லிவிடுவதாக முடிக்கிறாள்.

இக்கவிதையை முன் சொன்ன பழம்பாடல்களோடு சேர்த்துப் படிக்கும்போது வரலாற்றின் போக்கு தெரியும். நற்றிணைப் பெண்கள் சுறாத் துண்டுகள்மேல் வரும் பறவைகளை விரட்டினர். இவள் மாட்டுத் தோல்மேல் வரும் காகத்தை விரட்டுகிறாள். செய்யும் வேலை ஏறத்தாழ ஒன்றே. அங்கே தோழி தங்கள் மேல் வீசும் நாற்றத்தைச் செல்வந்தனிடம் நேராகச் சொல்லி அவனை விலகி நிற்கச் சொன்னாள். இங்கே மகள் தந்தையைக் கண்டு தானே விலகிச் செல்கிறாள். இடையில் தீண்டாமை இறுகியிருக்கிறது. அவ்வாறே, மகனை அவையின் முன்வரிசையில் அமர்த்துவதே தந்தையின் உதவி என்றது குறள். இந்தத் தந்தையும் மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார். ஆனால் அங்கே அவளுக்குக் கிடைத்தது கடைசி வரிசை.

முடிவில் வரும் மாற்றத்தைத் 'தந்தையின் தொழிலைப் பெருமையாக ஏற்றுக்கொண்டாள்' என்று சுருக்கிவிடக் கூடாது. தோலுரிப்பதும் சாவுக்குப் பறையடிப்பதும் அந்தத் தந்தை தேர்ந்தெடுத்த வேலைகள் அல்ல. சாதி அவர்மேல் சுமத்தியவை. மகள் அவ்வேலைகளைப் புகழவில்லை. வெட்கப்பட வேண்டியது உழைத்தவரும் அவர் பிள்ளையும் அல்லர் என்று கண்டுகொண்டு, அந்த வெட்கத்தைத் தன்னிடமிருந்து இறக்கி வைக்கிறாள். சுகிர்தராணியின் வேறு இரு கவிதைகள் 2021-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டபோது எழுந்த விவாதம், இத்தகைய அனுபவங்களுக்கு வகுப்பறையில் இடம் கிடைப்பது இன்றும் எளிதன்று என்பதைக் காட்டியது.

நா. முத்துக்குமாரின் 'தூர்'

பார்வை எப்போதும் வெட்கத்திலிருந்து மதிப்பை நோக்கியே மாறும் என்பதில்லை. எதிர்த்திசையில் செல்லும் கவிதைக்கு நா. முத்துக்குமாரின் (1975–2016) 'தூர்' எடுத்துக்காட்டு. காஞ்சிபுரத்தை அடுத்த கன்னிகாபுரத்தில் பிறந்த இவர் 'பட்டாம்பூச்சி விற்பவன்' தொகுப்பால் கவனம் பெற்றவர். பின்னர் திரைப்பாடல்களுக்காகத் தேசிய விருது இருமுறை பெற்றார். அவற்றுள் முதல் விருது, தந்தை மகள் உறவைப் பாடும் 'தங்க மீன்கள்' திரைப்படப் பாடலுக்கானது.

'தூர்' கவிதையில் ஆண்டுக்கு ஒருமுறை வீட்டுக் கிணற்றைத் தூர்வாரும் நாள் பிள்ளைகளுக்குத் திருவிழாவாக இருக்கிறது. கிணற்றுக்குள் இறங்கிச் சேற்றையும், விழுந்து கிடந்த பொருள்களையும் மேலேற்றும் தந்தை, போரில் வென்ற வீரனைப் போல நீர் சொட்ட வெளியே வருகிறார். இது பிள்ளைக் கண்ணுக்குத் தெரிந்த உழைப்பு. வளர்ந்த கண் அடுத்து வேறொன்றைக் கவனிக்கிறது. தாய் இன்றும் கதவுக்குப் பின்னால் நின்றுதான் தந்தையோடு பேசுகிறாள். கிணற்றைச் சுத்தம் செய்த தந்தை தன் மனத்தைத் தூர்வார மறந்துபோனார் என்று கவிதை முடிகிறது.

கடுமையாக உழைத்தவர் என்பதற்காக ஒருவருடைய வீட்டு அதிகாரத்தைக் காணாமல் விட வேண்டியதில்லை என்று இக்கவிதை உணர்த்துகிறது. கைத்தறி வீடுகளில் தார் சுற்றிய பெண்களின் வேலை கூலிக் கணக்கில் தனியாக எழுதப்படாமல் குடும்பத் தலைவரின் பெயரிலேயே அடங்கிவிடும். உழைக்கும் தந்தையை மட்டும் பாடும் கவிதை, அவருக்குப் பின்னால் நிற்கும் உழைப்பை மறைத்துவிடக் கூடும். 'தூர்' அந்தக் கதவைச் சுட்டிக் காட்டுகிறது.

பிற நாட்டுக் கவிதை

தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் கல்வி பெற்று எழுத வந்த பிற நாடுகளிலும் இதே பொருள் பாடப்பட்டது. அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் இராபர்ட் ஹேடன் (1913–1980) டெட்ராய்ட் நகரின் ஏழைக் குடியிருப்பில், கூலித் தொழிலாளியான வளர்ப்புத் தந்தையிடம் வளர்ந்தவர். 1962-இல் வெளிவந்த தொகுப்பிலுள்ள அவரது குளிர்கால ஞாயிறுகள் பற்றிய கவிதையில், வாரம் முழுதும் உழைத்து வெடித்த கைகளோடு தந்தை விடியுமுன் எழுந்து வீட்டைச் சூடாக்கத் தீ மூட்டுகிறார். யாரும் அவருக்கு நன்றி சொன்னதில்லை. அந்த வீட்டில் கோபமும் இருந்தது, பிள்ளைக்கு அச்சமும் இருந்தது. அன்பு இத்தகைய தனிமையான கடமைகளாகவும் வரும் என்பது தனக்கு அப்போது தெரியவில்லை என்று வளர்ந்த மகன் உணர்கிறான். பாரதியைப் போலவே ஹேடனும் அச்சத்தை மறைக்காமல் நன்றியையும் சொல்கிறார்.

மதிப்பீடு

சங்கப் பாடலின் தந்தை பொறுப்பாலும் புகழாலும் அறியப்பட்டார். குறளில் அவர் தவமாகச் சுருங்கினார். பாரதி அவரை வரலாற்றின் நடுவே தோற்ற மனிதராகக் கண்டார். பள்ளிக்கல்வி பரவியபின் எழுத வந்தவர்களின் கவிதையில், அவர் செய்த வேலையும் அந்த வேலைக்குச் சமூகம் தந்த மதிப்பும் பேசுபொருளாயின.

இக்கவிதைகள் அனைத்துக்கும் அடியில் ஒரு முரண் உள்ளது. தந்தையின் உழைப்புதான் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியது. பள்ளிதான் பிள்ளைக்குத் தந்தையின் தொழிலைச் சொல்ல வெட்கத்தைக் கற்றுத் தந்தது. அதே கல்விதான் பின்னாளில் அந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்று ஆராயும் மொழியையும் தந்தது.

1953-ஆம் ஆண்டு விவாதத்தில் குழம்பிக் கிடந்த ஒன்றை இக்கவிதைகள் தெளிவாக்குகின்றன. உழைத்தவரை மதிப்பது வேறு. அந்த உழைப்பு பிள்ளைமேலும் தொடர வேண்டும் என்று விரும்புவது வேறு. சின்னாளப்பட்டியில் தறியை விட்டு வேறு வேலைக்குச் சென்ற நெசவாளியின் மகனோ மகளோ, தந்தை நெய்த சேலையின் அருமையை உணர்ந்து பேசுவதற்காகத் தறிக்குழியில் மீண்டும் இறங்க வேண்டியதில்லை. பதிவேட்டில் தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் 'நெசவு' என்று தயங்காமல் எழுத முடிவதும், தன் பிள்ளையின் படிவத்தில் அதே கட்டத்தில் வேறொரு தொழிலை எழுத முடிவதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. தன் பிள்ளைக்கு இந்த இரண்டும் வாய்க்க வேண்டும் என்பதற்காகவே அந்தத் தந்தை உழைத்தார்.